பிச்சாவரத்தில் நான் அடைத்த வாய்க்கால்

ரம்ஜான் அன்று ஆம்பூரில் தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆம்பூர்க்காரர்களுக்கே தெரியாது. ஏனென்றால் அன்று ஊரில் தனியாக இருக்கிறவள் அநேகமாக நான் ஒருத்திதான். எங்கள் தெருவில் பக்கத்து வீடுகள் மூன்று, எதிர் வீடு ஒன்று, நான்கிலிருந்தும் பிரியாணி வரும். கூடவே கத்திரிக்காய். வாசலில் நின்றபடி கொடுத்துவிட்டு, உள்ளே வேலை ஜாஸ்தி என்று ஓடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு வீட்டிலும் முப்பது நாற்பது உறவுக்காரர்கள். நான் நான்கு டப்பாக்களையும் மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு, டிவியைப் போட்டுவிட்டு, மறுநாள் வரை சாப்பிடுவேன். அம்மா போன பிறகு மூன்று ரம்ஜான் இப்படிக் கழிந்தது. இந்த வருடம் பங்குனியில் ரம்ஜான் வந்தது. கம்பெனி மூன்று நாள் லீவு விட்டதும் முதல் வேலையாக ஊரைவிட்டுக் கிளம்பினேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருக்கிறேன். முடிந்துவந்த ஷூவில் தையல் விலகியிருந்தால், தோலில் கீறல் இருந்தால், சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இதையே செய்வதால் எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலின் கோணல் தெரியும். என்னை யாரும் சுற்றுலாவுக்குக் கூப்பிடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிச்சாவரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கோயில் என்றால் கும்பல், மலை என்றால் ஜோடிகள். கடலோரத்துக் காடு என்றால் தண்ணீரும் மரமும் மட்டும் இருக்கும், யாருடனும் பேச வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆம்பூரில் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். வேலூர் ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து திருவண்ணாமலை, பிறகு விழுப்புரம், பிறகு சிதம்பரம். மூன்று இடத்தில் மாறி, மொத்தம் இருநூற்று எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. விழுப்புரத்தில் டிபனுக்கு நின்ற நேரத்தையும் சேர்த்து ஒன்பது மணி நேரம் ஆனது. காட்பாடியிலிருந்து விழுப்புரம் வரை ரயிலும் இருக்கிறது. நேரம் ஒத்துவந்தால் அதில் போங்கள், முதுகு தப்பிக்கும்.

சிதம்பரத்தில் கோயில் வீதி ஒன்றில் லாட்ஜ் பிடித்தேன். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். மேனேஜர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூட யாரும் வரவில்லையா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். பின்னால் வருவார்களா என்றார். இனிமேல் வருவதற்கில்லை என்றேன். அவர் பயந்துபோய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார். அறையில் ஏழு இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் படுக்கை சுத்தமாக இருந்தது. தாழ்ப்பாள் உறுதியாக இருந்தது. தனியாகப் போகும் பெண்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

மறுநாள், ரம்ஜான் அன்று, ஏழு மணிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பிச்சாவரம் போக முக்கால் மணி நேரம் ஆகும். படகுத்துறையில் துடுப்புப் படகில் நான்கைந்து பேர் போகலாம். ஒருத்தியாகப் போனாலும் முழுப் படகுக்கும் பணம் கட்ட வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, அங்கே எழுதிவைத்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படகுக்காரர் கலியன் என்னைப் பார்த்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு அப்பா, அம்மா, மகளுடன் சேர்த்துவிட்டார். அவர்கள் மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்ள, படகின் மறுமுனையில் எடை சரியாக இருக்கட்டும் என்று நான் வைக்கப்பட்டேன். நான் எடுத்துக்கொடுத்த அவர்கள் குடும்பப் படங்கள் மட்டும் முப்பது இருக்கும்.

காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலையாத்திக் காடு என்று படித்திருந்தேன், ஆனால் அப்படி ஒரு அமைதியை எதிர்பார்க்கவில்லை. சுரபுன்னை மரங்கள் இடுப்பில் கைவைத்து நிற்கிற மாதிரி வேர்களை வெளியே வளைத்துத் தண்ணீரில் ஊன்றியிருந்தன. குறுகலான வாய்க்காலுக்குள் படகு போனதும் கிளைகள் தலைக்கு மேல் சேர்ந்து வெயிலே இல்லை. துடுப்பின் சத்தம் மட்டும் கேட்டது. கொக்கு ஒன்று எங்களைப் பார்த்தும் அசையவில்லை. ஒரு இலையைக் காட்டி, தொட்டு நக்கிப் பாருங்கள் என்றார் கலியன். உப்பு. வெண்கண்டல் என்ற அந்த மரம் குடிக்கிற உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். உப்பு ஏறிய கிணற்றுத் தண்ணீரில் குளித்து முடி கொட்டிய ஊர்க்காரி நான். அந்த மரத்தின்மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது.

இறங்கும்போது, தனியாக வந்தீர்களா என்று கலியனும் கேட்டார். அந்த இரண்டு நாளில் ஆறாவது ஆள். அவருடைய அக்கா அஞ்சலையும் அவர் குழுப் பெண்களும் ஊருக்குப் பின்னால் புதிதாக அலையாத்தி வளர்க்கிறார்கள், பார்க்க விருப்பமா என்றார். மதியச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும் என்றார். ஒப்புக்கொண்டேன். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அஞ்சலை கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. படகுத்துறையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம், நூறு ரூபாய்.

அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும், என்னைவிட நான்கு வயது சின்னவர். வஞ்சிர மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு போட்டுவிட்டு, பேச்சு அதிகம் இல்லாமல் இடத்தைக் காட்டினார். அரசாங்கத்தின் காப்புக்காட்டுக்கு வெளியே, ஊர்ப் புறம்போக்கில், ஏழெட்டு ஏக்கர் வெறும் சேறு. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரிச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். கிளைகளின் கரையோரம் செடிகள். முன்பக்கக் கிளைகளில் இடுப்பளவு வளர்ந்திருந்தன. கடைசிக் கிளையில் மட்டும் ஒரு சாண் உயரம், நான்கு இலை, ஐந்து இலை. அந்தக் கிளையில் இரண்டு தடவை நட்டு இரண்டு தடவையும் பட்டுப்போனது, இது மூன்றாவது நடவு. இந்தக் கோடையைத் தாண்டாவிட்டால் அந்தப் பக்கத்தை இறால் குட்டைக்கு விட்டுவிடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறார்கள். இறால் குட்டை வந்தால் மற்ற கிளைகளும் நிலைக்காது என்றார் அஞ்சலை. அவர் வீடுதான் அந்தச் சேற்றை ஒட்டிய முதல் வீடு. புயலில் இரண்டு முறை கூரை போயிருக்கிறது. மரம் நின்றால் வீடு நிற்கும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

அவருக்கு அன்று மாலை கடலூரில் சொந்தக்காரர் கல்யாணம். இரவு அங்கேயே தங்குவதாகவும், பறவை பார்க்க வேண்டுமென்றால் கரையில் உட்கார்ந்திருங்கள், கலியன் ஆறு மணிக்கு வந்து அழைத்துப் போவான் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் மதியமும் சாப்பிட வர வேண்டும் என்றார். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார், தன் நம்பரையும் கலியன் நம்பரையும் எனக்குக் கொடுத்தார். இந்த நம்பர் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என்னைத் திட்டும்போது உதவும்.

நான் மட்டும் இருந்தேன். காற்று நின்றிருந்தது. ஆம்பூரில் இந்நேரம் என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று பிரியாணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். என்னைத் தேடுவார்களா என்று யோசித்தேன். நான் திருப்பிக் கொடுக்காத போன வருடத்து டப்பாவைத் தேடுவார்கள் என்று தோன்றியது. அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

அப்போதுதான் தண்ணீர் வந்தது. பெரிய வாய்க்காலில் முதலில் கயிறு மாதிரி, பிறகு அகலமாக. கறுப்பும் சிவப்பும் கலந்த பழுப்பு நிறம், ஓரமெல்லாம் நுரை. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த நிறத்தையும் நாற்றத்தையும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் வளர்ந்தது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி. தோல் பதனிடுகிற டேனரியில் திறந்துவிட்ட தண்ணீர் இதே நிறத்தில், இதே நுரையோடு, இதே நாற்றத்தோடு கால்வாயில் வரும். வருகிறது என்று யாராவது ஒருவர் குரல் கொடுத்தால் போதும், அவரவர் வயல் மடையை ஓடிப்போய் அடைப்பார்கள். யாருடைய தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு நின்றால் பயிர் போய்விடும். முதலில் அடைப்பு, பிறகுதான் பேச்சு. பத்து வயதில் நானும் மண் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

கரையில் ஒரு மண்வெட்டி கிடந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டேன். எல்லாக் கிளையையும் அடைக்க ஒரு ஆளால் ஆகாது. பெரிய செடிகள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளும், சின்னவைதான் சாகும் என்று கடைசிக் கிளையின் வாயை மட்டும் அடைத்தேன். வரிசையாக மண் போட்டு, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதித்து, மேலே புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை வைத்து, ஒரு சொட்டு கசியாமல் அடைத்தேன். என் அடைப்பில் என்னாலேயே ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. தண்ணீர் ஏறி வந்து முட்டிப் பார்த்துவிட்டு நின்றது. இந்தப் பக்கம் ஒரு சாண் செடிகள் உலர்ந்த சேற்றில் பத்திரமாக இருந்தன. பல மாதங்களுக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது. கலியன் வந்தபோது காலைக் கழுவிவிட்டிருந்தேன், அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நல்லதைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதில் ஒரு கர்வம் இருக்கிறது, அது எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

மூன்றாம் நாள் மதியம் நான் போனபோது அஞ்சலை கல்யாணப் புடவையோடு கடைசிக் கிளையில் முழங்கால் அளவு சேற்றில் நின்றிருந்தார். கலியனும் இரண்டு பெண்களும் கரையில் இருந்தார்கள். இறால் குட்டை கேட்கிற ஒருவர் பெயரைச் சொல்லி, ராத்திரியோடு ராத்திரியாக அடைத்தது அவர்தான், அவர் வீட்டு வாசலில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அஞ்சலை கத்திக்கொண்டிருந்தார். சேற்றின் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. செடிகளின் இலை நுனி கருகிச் சுருண்டிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது, சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன். ஆனால் அந்த மனிதரை அவர் வாசலில் வைத்துத் திட்டப்போகிறார் இந்தப் பெண், நான் செய்ததற்காக. நான்தான் அடைத்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"நாத்தம் புடிச்ச தண்ணி வந்துச்சு, அஞ்சலை. எங்க ஊர்ல அந்த மாதிரி தண்ணி வந்தா பயிர் பூரா போய்டும். அதான் அடைச்சேன்."

அஞ்சலை கருகிய செடிகளைக் காட்டினார். "அது இதுங்களுக்குச் சோறு அக்கா," என்றார். "இலை ஊறி ஊறி அந்த கலரு, அந்த நாத்தம். அமாவாசைய ஒட்டி வர்ற ஏத்தத்துலதான் இந்தக் கடைசிக்குத் தண்ணி ஏறும். பத்து நாளா அதுக்குத்தான் காத்துக்கெடந்தேன்."

விஷயம் இதுதான். கடல் ஏற்றத்தில் வருகிற தண்ணீர் பெரிய வாய்க்காலில் தினமும் வந்து போகும். கடைசிக் கிளை மேடு. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள் மட்டும் அங்கே எட்டும், வந்து தேங்கியிருக்கிற உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அது வராவிட்டால் வெயில் சேற்றைச் சுண்டவைத்து உப்பை ஏற்றிவிடும், உப்பைத் தாங்குகிற செடியும் தாங்காது. ரம்ஜான் பிறை தெரிகிற நேரமும் பெரிய ஏற்றம் வருகிற நேரமும் ஒன்றுதான். இவ்வளவு வருடம் ஆம்பூரில் பிறை பார்த்திருக்கிறேன், அது கடலில் என்ன செய்யும் என்று யோசித்ததில்லை. மாலையில் ஒன்று, காலையில் ஒன்று, இரண்டு பெரிய ஏற்றத்தையும் என் கச்சிதமான அடைப்பு தடுத்துவிட்டது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் அஞ்சலை. "போன் நம்பர் இருந்துச்சே."

"எனக்குத் தோணவே இல்ல," என்றேன்.

அது சாக்கு இல்லை, உண்மை. தனியாக வாழ்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் நாமே முடிவு செய்து செய்து, ஆள் இருக்கும்போதும் கேட்க மறந்துபோகிறது. பல்பு மாற்றுவதிலிருந்து அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்பது வரை நான் யாரையும் கேட்டதில்லை. என் கெட்டிக்காரத்தனம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தச் சேற்றில் நின்றபோது அது வெறும் தனிமை என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அடைப்பை நானே வெட்டினேன். யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை ஏற்றம் கிளையில் பாதி தூரம்தான் வந்தது. மிச்ச பாதிக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்ற முடிவு செய்தார்கள். நான் கம்பெனிக்குப் போன் செய்து இன்னொரு நாள் லீவு சொன்னேன். அதற்கு மேல் தகவல் சொல்ல யாரும் இல்லை என்பதால் போனைப் பையில் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தேன். அன்றும் மறுநாளும், நான்கு பெண்கள், பெரிய வாய்க்காலுக்கும் கடைசிக்கும் நடை. சேறு ஒவ்வொரு அடியிலும் காலைப் பிடித்து இழுத்தது. மற்ற மூவரும் தங்களுக்குள் கல்யாணக் கதை பேசிக்கொண்டார்கள். என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என் தட்டிலும் அதே அளவு குழம்பு விழுந்தது. கிளம்பும்போது அஞ்சலை வாசல் வரை வரவில்லை. கலியன்தான் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் வெயில் ஏறும் முன் படகில் போய்விடுங்கள். பங்குனிக்கு மேல் மதியம் தாங்காது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம், பிளாஸ்டிக் கவர் கூடாது. படகிலிருந்து கிளையை ஒடிப்பது, காயைப் பறிப்பது வேண்டாம். அந்தக் காய் விழுந்து சேற்றில் குத்தி நின்றால்தான் அடுத்த மரம். நடுகிற இடங்களைப் பார்க்கப் போனால் கரையில் மட்டும் நில்லுங்கள், மண்வெட்டி கண்ணில் பட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். காட்டுக்கு உதவ ஆசை இருந்தால், அங்கே தினமும் சேற்றில் இறங்குகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். என் மொத்தச் செலவு, நான்கு நாளுக்கும் சேர்த்து, ஐயாயிரத்துக்குள் அடங்கியது. தனியாகப் போகிற பெண்களுக்குப் பயமில்லை, கேள்விகள் மட்டும்தான்.

மாதா மாதம் நான் அஞ்சலைக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. ஆனி மாதம் எடுத்தார். கடைசிக் கிளையில் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டது, வாய் ஓரத்தில் இருந்தவை மட்டும் நிற்கின்றன என்றார். ஊர்க் கூட்டத்தில் பெரிய சண்டை நடந்து, ஐப்பசி நடவு வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதுதான் கடைசி என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். இந்தத் தடவையும் போனால் அடுத்த கோடையில் அங்கே குட்டை வெட்டுவார்கள்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். என் போனில் வேலை நேரத்தைத் தவிர மற்ற நேரத்தில் மணி அடிப்பது அபூர்வம், யாரோ லோன் வேண்டுமா என்று கேட்பதாக நினைத்துத்தான் எடுத்தேன். விதை பொறுக்கத் தொடங்கிவிட்டோம், கடைசிக் கிளையை நீங்கள் வந்து நட வேண்டும், நான்கு நாளாவது லீவு போடுங்கள் என்றார். வருகிறேன் என்றேன். என்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"கோவம் போவலக்கா. செடி புடிச்சா போவும்," என்றார். "எந்த பஸ்ல வர்றீங்க, அதச் சொல்லுங்க."

நான் எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று யாராவது கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே பஸ் நேரம் எழுதிய சீட்டைத் தேடினேன். லைனில் அஞ்சலை காத்திருந்தார்.